யூரின் அவசரத்துக்கான மாத்திரைகள்: எது தலைக்கு ஏறுகிறது, எது ஏறவில்லை

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பக்கம் கேட்டாலும் சரி, அம்பாசமுத்திரம் கடைத்தெருவில் கேட்டாலும் சரி, "யூரின் வந்தா அடக்க முடியல" என்பதற்கு டாக்டர்கள் எழுதும் மருந்து மொத்தம் ஏழெட்டுத்தான். அட்டையில் அச்சடித்திருக்கும் கம்பெனிப் பெயர்தான் கடைக்குக் கடை மாறும். வாங்கிப் போகிறவரிடம் வாய் வறளும், மலச்சிக்கல் வரும் என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். ஞாபகம் மங்கலாம் என்று சொல்கிறவர்கள் குறைவு. எழுபது வயது ஆச்சி பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்தால், "வயசாயிட்டுல்லா" என்று வீட்டில் பேச்சை முடித்துவிடுகிறார்கள். மறதி தொடங்கிய மாதத்தையும் புது அட்டை வாங்கிய மாதத்தையும் சேர்த்து வைத்துப் பார்ப்பதில்லை.

இங்கே ஒவ்வொரு மருந்தையும் இரண்டே கேள்விகளால் எடைபோடுகிறோம். யூரினுக்கு எவ்வளவு கேட்கிறது? தலைக்கு எவ்வளவு கேடு? எங்கள் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறோம். 65 வயதைத் தாண்டியவருக்கு ஆக்ஸிபியூட்டினின் முதல் மருந்தாக வேண்டாம். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தால் மிராபெக்ரான் நல்லது. அது ஒத்துவராவிட்டால் ட்ரோஸ்பியம் அல்லது டாரிஃபெனசின். அவையும் கிடைக்காத இடத்தில் சோலிஃபெனசின் 5 மி.கி., அதுவும் ஞாபகத்தைக் கவனித்துக்கொண்டே. இவை எல்லாமே டாக்டர் சீட்டுக்குக் கொடுக்க வேண்டிய மருந்துகள். இதைப் படித்துவிட்டுக் கடையில் போய் மாற்றி வாங்கக் கூடாது. டாக்டரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதற்குத்தான் இது.

ஏன் தலைக்குப் போகிறது?

சிறுநீர்ப்பையின் சுவரில் உள்ள தசை சுருங்க அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் வேண்டும். அது தசையில் உள்ள எம்3 ஏற்பிகளில் (ஏற்பி என்றால் ரசாயனம் வந்து ஒட்டும் இடம்) ஒட்டினால் பை சுருங்கும். பை நிறையும் முன்பே தசை சுருங்கத் தொடங்கினால் அதுதான் அந்த அவசரம். மிராபெக்ரான் வகையைத் தவிர மற்ற மாத்திரைகள் பெரும்பாலும் இந்த ஏற்பிகளை அடைத்துத்தான் வேலை செய்கின்றன. ஆனால் கன்னடியன் கால்வாயின் தலைமடையை அடைத்தால் ஒரு வயல் மட்டும் காய்வதில்லை. அதே அசிட்டைல்கோலினை நம்பித்தான் உமிழ்நீர்ச் சுரப்பியும் குடலும் கண்ணின் பாவையும் வியர்வைச் சுரப்பியும் இருக்கின்றன. மூளையில் புது விஷயத்தைப் பதிய வைக்கும் பகுதியில் எம்1 ஏற்பிகள் நிறைய. அவை அடைபட்டால் பழைய கதை எல்லாம் தெளிவாக இருக்கும், காலையில் வந்துபோனது யார் என்பது மட்டும் நிற்காது.

ரத்தத்தில் ஓடும் மருந்து எல்லாம் மூளைக்குள் நுழைந்துவிடாது, நடுவில் ஒரு தடுப்பு உண்டு. மூலக்கூறு சிறியதாக, கொழுப்பில் கரைவதாக, மின்னூட்டம் இல்லாததாக இருந்தால் எளிதாகத் தாண்டும். தாண்டி வந்த சில மருந்துகளைத் திரும்ப வெளியே தள்ளும் ஒரு புரதமும் அந்தச் சுவரில் இருக்கிறது. வயது, நாள்பட்ட சர்க்கரை, பக்கவாதம் இவற்றால் இந்தத் தடுப்பு தளரலாம். நாற்பது வயதுக்காரருக்கு ஒன்றும் செய்யாத மாத்திரை அவருடைய அம்மாவைத் தடுமாற வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆக்ஸிபியூட்டினின்

1975இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பழைய மருந்து. விலை குறைவு, வேலை செய்யும், அதனால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வழக்கமான அளவு 5 மி.கி., நாளுக்கு இரண்டு அல்லது மூன்று வேளை. வயதானவருக்கு எழுதினாலும் 2.5 மி.கி.யில்தான் தொடங்க வேண்டும். தடுப்பைத் தாண்டத் தேவையான மேற்சொன்ன குணங்கள் எல்லாம் இதற்கு உண்டு. குடலிலும் கல்லீரலிலும் இது உடைந்து வேறொரு பொருளாக மாறுகிறது. வாயை அப்படி வறளவைப்பது பெரும்பாலும் அந்த மாறிய பொருள்தான்.

2006இல் வெளியான ஓர் ஆய்வு இதன் குணத்தை நன்றாகக் காட்டியது. அறுபதும் அதற்கு மேலும் வயதான, ஆரோக்கியமான 150 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, நாள் முழுக்க மெதுவாகக் கரையும் ஆக்ஸிபியூட்டினின், டாரிஃபெனசின், மருந்தில்லாத மாத்திரை என்று கொடுத்தார்கள். முகத்தைக் காட்டிப் பெயரைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துக் கேட்பது சோதனை. மூன்றாம் வாரத்தில் ஆக்ஸிபியூட்டினின் குழு தெளிவாகப் பின்தங்கியது. டாரிஃபெனசின் குழு, மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்டவர்களைப் போலவே இருந்தது. கவனிக்க வேண்டியது இனிமேல்தான். "உங்க ஞாபகம் எப்படி இருக்கு?" என்று அவர்களையே கேட்டபோது, குறைந்ததை அவர்கள் உணரவே இல்லை. கிளினிக்கில் "ஏதாச்சும் மறதி இருக்கா பாட்டி?" என்று கேட்டு, "அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்ற பதிலை நம்பி அடுத்த அட்டை எழுதுவதில் உள்ள ஓட்டை இதுதான். கூட வந்திருக்கும் மகளிடமோ மருமகளிடமோ கேட்க வேண்டும்.

இங்கிலாந்தில் டாக்டர்களுக்கு வழிகாட்டும் நைஸ் என்ற அமைப்பின் வழிகாட்டி, உடலோ மனமோ திடீரென்று சரியும் ஆபத்துள்ள வயதான பெண்களுக்குச் சாதாரண ஆக்ஸிபியூட்டினின் கொடுக்க வேண்டாம் என்கிறது. பிறவியிலேயே முதுகுத்தண்டுக் குறை உள்ள குழந்தைகளுக்கு இதை இன்றும் எழுதுகிறார்கள். அங்கே சிறுநீரகத்தைக் காப்பாற்றுவது நோக்கம், அந்தக் கணக்கு வேறு. அவர்களுடைய மாத்திரையை யாரும் இதைப் படித்து நிறுத்திவிடக் கூடாது.

ஃப்ளாவாக்ஸேட்

நீர்க்கடுப்புக்கு ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்து 200 மி.கி., மூன்று வேளை என்று நம் பக்கம் தாராளமாக எழுதும் மாத்திரை. எரிச்சல் நேரத்தில் நாலைந்து நாள் போடுவதில் பெரிய குற்றம் இல்லை. நாள்பட்ட அவசரத்துக்கு இது பலவீனமான மருந்து. வயதானவர்களுக்கு மனக்குழப்பம் வரலாம் என்று இதன் மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது. மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தால் லாபம் இல்லாமல் சுமை மட்டும் மிஞ்சும்.

டால்டெரோடினும், அது ஒளிந்திருக்கும் அட்டைகளும்

1998இல் அமெரிக்காவில் வந்தது. 2 மி.கி. இரண்டு வேளை, அல்லது மெதுவாகக் கரையும் 4 மி.கி. ஒரு வேளை. சிறுநீரகமோ கல்லீரலோ தளர்ந்திருந்தால் பாதி அளவு. கொழுப்பில் அவ்வளவாகக் கரையாது, ஆகவே ஆக்ஸிபியூட்டினினை விட மூளைக்குள் குறைவாகவே போகும். ஆனாலும் மறதி நோய்க்கு டோனெபெசில் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இதைத் தொடங்கியபின் குழப்பம் அதிகமான நிகழ்வுகள் மருந்துக் குறிப்பில் பதிவாகியிருக்கின்றன.

ஆண்கள் விஷயத்தில் வேறொரு சிக்கல். புராஸ்டேட் வீக்கத்துக்கான டாம்சுலோசினோடு டால்டெரோடினைச் சேர்த்து ஒரே மாத்திரையாக விற்கிறார்கள். வீட்டில் அதற்குப் பெயர் "புராஸ்டேட் மாத்திரை". அப்பா சாப்பிடுவது டாம்சுலோசின் மட்டும்தான் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். சோலிஃபெனசினும் மிராபெக்ரானும் சேர்ந்த மாத்திரையும் வந்திருக்கிறது. மிராபெக்ரான் தலைக்கு நல்லது என்று கேட்டு அதை வாங்கினால், ஏற்பியை அடைக்கும் மருந்தும் கூடவே வந்துவிடுகிறது. அட்டையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படிக்க வேண்டும். கம்பெனி வைத்த பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். உள்ளே இருக்கும் மருந்தின் பெயரும் அளவும் அதன் கீழே, கூட்டல் குறியோடு, ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். கடையில் ஐந்து மாத்திரை மட்டும் கத்தரித்துக் கொடுத்தால் அந்த எழுத்து பாதி போய்விடும், காலாவதித் தேதியும் போய்விடும். புது மருந்து என்றால் முதல் தடவையாவது முழு அட்டை வாங்குங்கள்.

சோலிஃபெனசின்

5 மி.கி., 10 மி.கி. என இரண்டு அளவு, நாளுக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு முன்னோ பின்னோ எப்படியும் போடலாம். இந்த வகையில் இங்கே பரவலாக எழுதப்படும் மாத்திரைகளில் ஒன்று. எம்3 மேல் ஓரளவு கூடுதல் நாட்டம் உண்டு. லேசான நினைவுக் குறைவு உள்ள, 75 வயது தாண்டிய 26 பேரிடம் செய்த சிறிய ஆய்வில் 5 மி.கி. சோலிஃபெனசின் கண்ணுக்குத் தெரியும் கெடுதல் செய்யவில்லை. ஆக்ஸிபியூட்டினின் கொடுத்தபோது, மாத்திரை போட்ட ஓரிரண்டு மணி நேரத்தில் கவனம் குறைந்தது. சில வாரத்துக்கு இது ஆறுதலான செய்தி. பல வருடத்துக்கு இதையே சாட்சியாக வைத்துக்கொள்ள முடியாது.

இதன் பலமும் பலவீனமும் ஒன்றே. உடம்பை விட்டு மெதுவாகத்தான் போகும். பாதி அளவு குறையவே 45 முதல் 68 மணி நேரம். ஒரு வேளை விட்டுப்போனாலும் பெரிதாகத் தெரியாது. ஆனால் குழப்பம் வந்து நிறுத்தினால் முழுக்க வெளியேற பத்து நாள் முதல் இரண்டு வாரம் பிடிக்கும். "நிறுத்தி மூணு நாளாச்சு, அப்படியேதான் இருக்காவ" என்று சொல்லி, மாத்திரை காரணமில்லை என்ற முடிவுக்கு வருவது அவசரம். சிறுநீரகம் மிகவும் தளர்ந்தவர்களும், கீட்டோகொனசோல் மாதிரி பூஞ்சை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் 5 மி.கி.க்கு மேல் போகக் கூடாது.

டாரிஃபெனசின், ஃபெசோடெரோடின், ட்ரோஸ்பியம்

டாரிஃபெனசின் 7.5 மற்றும் 15 மி.கி.; எம்3 மேல்தான் குறி, எம்1ஐ அதிகம் தொடாது, மூளைக்குள் போனாலும் வெளியே தள்ளப்படுகிறது. ஞாபகத்துக்கு நல்ல பெயர். குடலுக்குக் கெட்ட பெயர், மலச்சிக்கல் சரியான தொந்தரவு. இறுகிய குடல் பையை அழுத்தி அவசரத்தை இன்னும் கூட்டும் என்பதால், ஏற்கெனவே மூன்று நாளுக்கொருமுறை போகிறவருக்கு இதை எழுதுவது ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவதுதான். ஃபெசோடெரோடின் 4, 8 மி.கி. உடம்புக்குள் போய் டால்டெரோடினின் வேலை செய்யும் வடிவமாக மாறுகிறது. அதிகம் பார்க்க முடிவதில்லை.

ட்ரோஸ்பியத்தின் மூலக்கூறுக்கு நிலையான மின்னூட்டம் இருப்பதால் தடுப்பைத் தாண்டுவது அரிது. மூளை என்ற ஒரே கேள்விக்கு, ஏற்பியை அடைக்கும் மருந்துகளில் இதுதான் முதலிடம். ஆனால் எல்லாக் கடையிலும் இருக்காது, சொல்லிவைத்து வாங்க வேண்டும். 20 மி.கி. இரண்டு வேளை, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, வெறும் வயிற்றில். எண்ணெய் நெய்யோடு சேர்த்தால் பெரும்பங்கு உடம்பில் சேராமலே போய்விடும். காலை இட்லிக்குப் பிறகு மற்ற மாத்திரைகளோடு ஒரே கையில் அள்ளிப் போடுகிற பழக்கம் உள்ளவரிடம் "இது கேக்கவே இல்ல" என்று வந்தால், முதலில் அதைத்தான் கேட்க வேண்டும். வெளியேறுவது சிறுநீரகம் வழியாக. ஆகவே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியாட்டினின் பார்க்காமல் தொடங்கக் கூடாது. சிறுநீரகம் நன்றாகத் தளர்ந்தவருக்கு இரவு ஒரு வேளை 20 மி.கி. மட்டும். 75 வயதுக்கு மேலும் டாக்டர் ஒரு வேளையாகக் குறைக்கலாம்.

மிராபெக்ரான்

இது மடையை அடைக்கும் கூட்டத்தில் இல்லை. பீட்டா-3 என்ற வேறு ஏற்பியைத் தூண்டி, பை நிறையும்போது தசையைத் தளர்த்துகிறது. ஜப்பானில் 2011, அமெரிக்காவில் 2012. இப்போது நம் நாட்டுக் கம்பெனிகள் பலவும் போடுகின்றன. பழைய மாத்திரைகளை விட விலை கூடுதல்தான், ஒரே மருந்துக்குக் கம்பெனிக்குக் கம்பெனி விலை வித்தியாசமும் நிறைய. 65 வயது தாண்டியவர்களிடம் பன்னிரண்டு வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வில் நினைவாற்றல் மதிப்பெண் குறையவில்லை. வாய் வறட்சியும் மலச்சிக்கலும் மிகக் குறைவு.

தொடங்குவது 25 மி.கி., தேவைப்பட்டால் 50. பலன் முழுதாகத் தெரிய எட்டு வாரம்வரை ஆகலாம். "அண்ணாச்சி, பத்து நாள் போட்டும் ஒண்ணும் கேக்கல, பழைய மாத்திரையே குடுங்க" என்று பலர் திரும்பிவந்துவிடுவது இங்கேதான். எழுதும் டாக்டர் முதல் நாளே எட்டு வாரக் கணக்கைச் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

ரத்த அழுத்தத்தை ஏற்றலாம். 180/110ஐத் தொட்டு நிற்கிறவருக்குக் கொடுக்கக் கூடாது. தொடங்கும் முன் ஒரு தடவை, பிறகு முதல் மாதத்தில் வாரம் ஒரு தடவை பார்த்துக் குறித்து வைப்பது நல்லது. மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் பணியாளர் வீட்டுக்கே வருகிறார் என்றால் அவரிடமே பார்த்துக்கொள்ளலாம். அவரிடம் இந்த அட்டையையும் காட்டுங்கள், பெரும்பாலானோர் காட்டுவதில்லை. பிரஷருக்கோ இதயத்துக்கோ மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறவருக்கு அதன் அளவை ரத்தத்தில் இது ஏற்றிவிடும், நாடித்துடிப்பு குறைகிறதா என்று பார்க்க வேண்டும். இதயத்துக்கு டைகாக்ஸின் சாப்பிடுகிறவரும் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். சிறுநீரகம் மிகவும் தளர்ந்தவருக்கு 25 மி.கி. போதும். மாத்திரையை உடைக்கவோ கடிக்கவோ அம்மியில் நுணுக்கவோ கூடாது. மெதுவாகக் கரையும்படி செய்தது, உடைத்தால் முழு அளவும் ஒரே நேரத்தில் இறங்கும். அட்டையில் ஈஆர், எஸ்ஆர், எக்ஸ்எல் என்ற எழுத்து இருக்கும் எல்லா மாத்திரைக்கும் இதே விதி. பல் இல்லாத பெரியவர்களுக்கு மருமகள்கள் அன்பாகப் பொடித்துக் கொடுப்பதில் நடக்கும் தவறு இது.

வைபெக்ரான் இதே குடும்பத்தின் அடுத்த மருந்து. ஜப்பானில் 2018, அமெரிக்காவில் 2020 கடைசியில் அனுமதி. அமெரிக்காவில் 75 மி.கி. ஒரே அளவு. ரத்த அழுத்தத்தை ஏற்றுவதாகத் தெரியவில்லை, மெட்டோப்ரோலாலோடு சண்டையும் இல்லை.

தனியாக வருவதில்லை

ஒரு பெரியவர் குழம்பிப்போய் வரும்போது யூரின் மாத்திரை மட்டும் குற்றவாளியாக இருப்பது அரிது. பாதம் எரிச்சலுக்கு ராத்திரி அமிட்ரிப்டிலின் 10 மி.கி. இருக்கும். அரிப்புக்கு ஹைட்ராக்ஸிசின், அல்லது யாரோ சொன்ன அவில். வயிற்றுவலிக்கு டைசைக்ளோமின் கலந்த மாத்திரை. இருமலுக்கு டைஃபென்ஹைட்ரமின் உள்ள டானிக். நடுக்கத்துக்கு ட்ரைஹெக்ஸிஃபெனிடில். இவை எல்லாம் அதே ஏற்பிகளை அடைப்பவை. கூடவே நம் ஊர்ப் பழக்கமான "சளிக்கு ஒரு செட் மாத்திரை". கவரில் போட்டுத் தரும் அந்தச் செட்டில் பெயரில்லாத சின்ன மஞ்சள் மாத்திரை ஒன்று தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மருந்தாக இருக்கும். சோலிஃபெனசின் ஆறு மாதமாக ஒத்துப்போய்க்கொண்டிருந்த பாட்டையா, சளி பிடித்த மூன்றாம் நாள் "வாசல்ல யாரோ நிக்காவ" என்று சொல்லத் தொடங்கினால், அந்தக் கவரைத் தேடுங்கள்.

இன்னொரு சுற்று இருக்கிறது, அது வெளியே தெரியாது. மறதி நோய்க்கு டோனெபெசில் தொடங்குகிறார்கள். அது அசிட்டைல்கோலினைக் கூட்டுகிற மருந்து. அதனால் பையும் தூண்டப்பட்டு யூரின் அவசரம் வருகிறது. அதற்கு வேறொரு டாக்டர் அசிட்டைல்கோலினை அடைக்கும் மாத்திரை எழுதுகிறார். நரம்பு டாக்டர் திருநெல்வேலியில், யூரின் டாக்டர் தென்காசியில், இருவர் சீட்டும் தனித்தனிக் கவரில். ஒன்று முடுக்க, ஒன்று தடுக்க, பெரியவர் நடுவில். இந்த இரண்டு மருந்தும் ஒரே வீட்டில் இருந்தால் எல்லாச் சீட்டையும் ஒரே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பல வருடம் போட்டால்?

சில வாரத்துக் குழப்பம் வேறு, வருடங்கள் கழித்து வரும் டிமென்ஷியா என்ற மறதி நோய் வேறு. இரண்டாவதைப் பற்றி 2015இல் அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில், 65 வயது தாண்டிய 3434 பேரைச் சராசரியாக ஏழு வருடத்துக்கு மேல் கவனித்த ஆய்வு வந்தது. இந்த வகை மருந்துகளை மிக அதிகமாகச் சாப்பிட்டவர்களுக்கு டிமென்ஷியா ஒன்றரை மடங்கு. மிக அதிகம் என்றால், ஆக்ஸிபியூட்டினின் 5 மி.கி.யைத் தினமும் மூன்று வருடத்துக்கு மேல் போடுவதற்குச் சமம். 2019இல் இங்கிலாந்தில், டிமென்ஷியா வந்த 58,769 பேரையும் வராத 2,25,574 பேரையும் ஒப்பிட்டார்கள். சிறுநீர்ப்பைக்கான இந்த வகை மருந்துகளை அதிகம் எடுத்தவர்களிடம் 1.65 மடங்கு தொடர்பு தெரிந்தது. கனடாவில் 2020இல் மிராபெக்ரான் போட்டவர்களோடு ஒப்பிட்டபோதும் பழைய வகைக்காரர்களுக்கு ஆபத்து கூடுதலாக இருந்தது. 2024இல் இங்கிலாந்திலிருந்து வந்த ஆய்வு மருந்து மருந்தாகப் பிரித்துப் பார்த்து, ஆக்ஸிபியூட்டினின், சோலிஃபெனசின், டால்டெரோடின் மூன்றையும் சந்தேகப் பட்டியலில் வைத்தது. ட்ரோஸ்பியமும் டாரிஃபெனசினும் அதில் சேரவில்லை.

இவை எல்லாம் தொடர்பைக் காட்டுகின்றன, மாத்திரைதான் காரணம் என்று நிரூபிக்கவில்லை. டிமென்ஷியாவின் தொடக்க அறிகுறியாகவே யூரின் கட்டுப்பாடு போகலாம். அப்படியானால் மாத்திரை எழுதும்போதே நோய் உள்ளே இருந்திருக்கும். ஆனாலும் பழைய வகை மாத்திரையின் பலன், மருந்தில்லாத மாத்திரையோடு ஒப்பிட்டால், சராசரியாக யூரின் போவது நாளுக்கு ஒரு தடவைக்கும் குறைவாகக் குறைவதுதான். அவ்வளவு சின்ன லாபத்துக்கு, வேறு வழி இருக்கும்போது, எதற்கு இந்தச் சந்தேகத்தைச் சுமக்க வேண்டும்? அமெரிக்காவின் பெண்கள் சிறுநீரியல் மருத்துவர் சங்கம் 2021இல் எழுபது தாண்டிய பெண்களுக்கு இந்த வகையைத் தவிர்க்கச் சொன்னதும் இந்தக் கணக்கில்தான்.

தொடங்குவதற்கு முன் வீட்டில்

மூன்று நாள் யூரின் குறிப்பு எழுதாமல் எந்த மாத்திரையும் தொடங்க வேண்டாம் என்போம். அரை லிட்டர் அளவுக் குவளை ஒன்று போதும். எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி, அவசரம் இருந்ததா, கசிந்ததா, என்ன குடித்தார். இதில் பாதிப் பேருக்கு விடை கிடைத்துவிடும். ஒவ்வொரு தடவையும் 300, 400 மில்லி போகிறது என்றால் பையில் குற்றமில்லை, உற்பத்திதான் அதிகம். சர்க்கரை ஏறியிருக்கலாம், அல்லது சர்க்கரையை யூரினில் தள்ளும் டாபாக்லிஃப்ளோசின் வகை மாத்திரையாக இருக்கலாம். ராத்திரி மட்டும் நிறையப் போகிறது, சாயங்காலம் கால் வீங்குகிறது என்றால், பகலில் காலில் இறங்கிய நீர் படுத்ததும் மேலே ஏறுகிறது. மதியம் ஒரு மணி நேரம் காலை உயர்த்திப் படுப்பதும், நீர் மாத்திரையின் நேரத்தை டாக்டர் மாற்றித் தருவதும் அங்கே வேலை செய்யும். ஐம்பது, நூறு மில்லியாக அவசரமாகப் போனால்தான் இந்தக் கட்டுரையின் மாத்திரைகளுக்கு வேலை. அதற்கும் முன்பு யூரின் பரிசோதனை, சர்க்கரை, கிரியாட்டினின். ஆண்கள் என்றால், போய் வந்தபின் பையில் எவ்வளவு தங்குகிறது என்று ஸ்கேன். நிறையத் தங்குகிறவருக்கு ஏற்பியை அடைக்கும் மாத்திரை கொடுத்தால் அடைப்பே வந்துவிடும். அடைப்பினாலும் பெரியவர்களுக்குப் புத்தி குழம்பும்.

மாத்திரை இல்லாத வழியையும் வெறும் சடங்காகச் சொல்லவில்லை. அவசரம் வந்ததும் ஓடாமல் நின்று, யூரினை அடக்கும்போது இறுகும் அடித்தளத் தசையை ஐந்தாறு தடவை சட்டென்று இறுக்கி விட்டு, அலை தணிந்தபின் நடந்து போவது. ஒரு தடவை போவதற்கும் அடுத்த தடவைக்கும் உள்ள இடைவெளியை வாரம் பதினைந்து நிமிடம் கூட்டுவது. குறைந்தது ஆறு வாரம். அடித்தளத் தசைப் பயிற்சி எட்டு எட்டாக நாளுக்கு மூன்று தடவை, மூன்று மாதம். இதற்குப் பக்கவிளைவு கிடையாது.

ஞாபகத்துக்கும் ஒரு தொடக்க அளவு வேண்டும். மாத்திரை தொடங்கும் முந்தின நாள் வெள்ளைத் தாளில் ஒரு கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொல்லுங்கள். மூன்று சொல் சொல்லி ஐந்து நிமிடம் கழித்துக் கேளுங்கள், "தேங்காய், பேருந்து, மஞ்சள்" மாதிரி ஒன்றோடொன்று சேராத சொற்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகம் பெயர் சொல்கிறார் என்று எண்ணலாம். தாளில் தேதி போட்டு மாத்திரை டப்பாவிலேயே வையுங்கள். இரண்டாம் வாரமும் நான்காம் வாரமும் வேறு சொற்களோடு திரும்பச் செய்யுங்கள். பால் கணக்கைக் காலண்டரில் குறிப்பவர் என்றால் அந்தக் காலண்டரும் நல்ல சாட்சி. விடுபட்ட நாள்கள் எந்த மாதத்தில் தொடங்குகின்றன என்று அது சொல்லிவிடும்.

சித்திரை வைகாசி வெயிலில் இன்னொரு எச்சரிக்கை. ஏற்பியை அடைக்கும் மாத்திரைகள் வியர்வையையும் குறைக்கும். வியர்க்காத உடம்பு சூடேறினால் குழப்பம் சீக்கிரம் வரும். கசிந்துவிடுமே என்று பயந்து தண்ணீரையும் குறைத்துக்கொண்டால் இரட்டை அடி.

விலையும் கிடைப்பதும்

ஹைகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டினால் அங்கே இருக்கும் மருந்து இலவசம். தினமும் வெளியே வாங்குகிறவர்கள் 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் மக்கள் மருந்தகங்களிலும் மருந்தின் மூலப் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம். கம்பெனிப் பெயரைச் சொன்னால் இல்லை என்பார்கள், மூலப் பெயர் சொன்னால் இருக்கலாம். பெயரை வாயால் சொல்லிக் குழப்பிக்கொள்ள வேண்டாம், பழைய அட்டையைக் கொண்டுபோங்கள்.

குழப்பம் வந்துவிட்டால்

ஓரிரு நாளில் திடீரென்று வந்தது என்றால், இல்லாத ஆளைப் பார்க்கிறார், போர்வையைப் பிய்க்கிறார், பகலில் தூங்கி இரவில் எழுந்து நடக்கிறார் என்றால், அன்றே ஆஸ்பத்திரி. யூரின் போகிறதா, காய்ச்சல், சர்க்கரை, சோடியம் எல்லாம் பார்க்க வேண்டும். ராத்திரி யூரினுக்கு டெஸ்மோபிரசின் போடுகிறவர் என்றால் சோடியத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அந்த மருந்து சோடியத்தை இறக்கும், தொடங்கிய முதல் வாரத்திலும் ஒரு மாதத்திலும் ரத்தம் பார்க்காமல் பெரியவர்களுக்குக் கொடுக்கவே கூடாது.

மெல்ல மெல்ல வந்த மறதி என்றால் டாக்டரிடம் கேட்டு நிறுத்திப் பார்க்கலாம். ஏற்பியை அடைக்கும் யூரின் மாத்திரைகளைப் பொதுவாகப் படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை. பிரஷர், நரம்பு மாத்திரைகளை அதோடு சேர்த்து நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திய தேதியைக் குறித்துக்கொண்டு, சோலிஃபெனசின் என்றால் இரண்டு வாரம் கழித்து, அதே கடிகாரமும் மூன்று சொல்லும். அதற்குப் பிறகும் ஒரு மாதத்தில் தெளியவில்லை என்றால் பி12, தைராய்டு பார்க்கச் சொல்லுங்கள். வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது சாதாரணம், அதுவும் மறதியாகத்தான் வெளியே தெரியும்.